சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்: டிராக்டருக்குப் புதியவர்களுக்கு

டிராக்டர் ஓட்டக் கற்றுத் தருகிறவர்கள் முதலில் கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டுவார்கள். அப்புறம் கியர், அப்புறம் கலப்பையைத் தூக்கி இறக்குகிற லிஃப்ட் லிவர். நாலைந்து நாளில் ஓரளவு நேராக உழவும் வந்துவிடும். எப்படி இறங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். காலைத் தூக்கிக் கீழே வைத்தால் இறங்கியாயிற்று, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்பார்கள்.

ஆனால் எங்கள் டெல்டா பக்கத்தில் நான் பார்த்த, கேட்ட விபத்துகளில் மிகச் சிலதான் உழுதுகொண்டிருக்கும்போது நடந்தவை. மற்றதெல்லாம் ரொட்டவேட்டரில் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறுகிற இயந்திரம்) சுற்றிய வைக்கோலை எடுக்க இறங்கியபோது, கலப்பையை வண்டியோடு இணைக்கிற ‘பின்’னை மாட்டும்போது, சேற்றில் இறங்கிய வண்டியைக் கிளப்பும்போது, வேலை முடிந்து வீடு திரும்பும்போது நடந்தவை. எல்லாமே ‘ஒரு நிமிஷ வேலை’ என்று சொல்லிக்கொண்டு செய்தவை. நகரத்து வேலையை விட்டு அப்பாவின் நிலத்துக்குத் திரும்பியவர்கள், புதிதாக வண்டி வாங்கியவர்கள், வாடகை வண்டியோடு வயலில் நிற்க வேண்டியவர்கள், இவர்களை மனதில் வைத்து அந்த ஒரு நிமிஷங்களைப் பற்றி எழுதுகிறேன். உழவு நுட்பம் வேறு யாராவது சொல்லித் தருவார்கள்.

ஏறுவதற்கு முன்: உடை

டிராக்டரின் பின்பக்கம், கலப்பை மாட்டும் இடத்துக்கு நடுவில் பற்கள் வெட்டிய ஒரு சிறு இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிடிஓ. ரொட்டவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம், கதிரடிக்கும் இயந்திரம் எல்லாம் அதில் மாட்டிய ஷாஃப்ட் வழியாகத்தான் சுழல்கின்றன. அதன் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. சொல்லும்போது பெரிதாகத் தெரியாது. 60-ஆல் வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 9 சுற்று. ஷாஃப்ட் 7 சென்டிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சுற்றுக்கு 22 சென்டிமீட்டர் துணியை இழுக்கும். ஒரே விநாடியில் ஏறக்குறைய 2 மீட்டர். நாம் கட்டுகிற நாலு முழ வேட்டியின் நீளமே அவ்வளவுதான். ‘ஐயோ’ என்று வாய் திறப்பதற்குள் வேட்டி முழுக்க உள்ளே போய்விடும். வேட்டி இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை.

எனக்கு நடந்தது துண்டு. உளுந்து அடித்துக்கொண்டிருந்தபோது தோளில் கிடந்த துண்டு காற்றில் பறந்து ஷாஃப்ட்டைத் தொட்டது, அவ்வளவுதான். நைந்து போன பழைய துண்டு என்பதால் கிழிந்து போனது. புதுத் துண்டாக இருந்திருந்தால், அதுவும் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தால், இதை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே பேன்ட் அல்லது அரைக்கால் சட்டை, உடம்போடு ஒட்டிய சட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ. வேட்டி, லுங்கி, துண்டு மூன்றும் வரப்பிலேயே இருக்கட்டும். கையில் கட்டிய சாமிக் கயிறு, தொளதொள வாட்ச், மோதிரம் இவற்றையும் கழற்றிவிடுங்கள். கதிரடிக்கும் இடத்தில் பெண்கள் வேலை செய்தால் முந்தானையை இடுப்பில் செருகி மேலே ஒரு ஆண் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நடவுக்கு வருகிறவர்கள் பலர் இதை ஏற்கெனவே செய்கிறார்கள். பின்னலைக் கொண்டையாக்கித் துணியால் கட்டிவிட வேண்டும்.

ஷாஃப்ட்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை ஒன்று வரும். புது வண்டியில் இருக்கும், இரண்டாம் வருஷம் உடைந்துவிடும், பிறகு யாரும் மாற்றுவதில்லை. வாடகைக்கு வருகிற வண்டிகளில் நான் அதைப் பார்த்ததே அபூர்வம். டயருக்குச் செலவழிக்கிற காசோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வாங்கிப் போடுங்கள்.

கிளப்புவது

சாவி போடும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். டயர், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்ப்பது ஒரு பக்கம். முக்கியமாகப் பார்க்க வேண்டியது வண்டிக்குக் கீழேயும் பின்னாலேயும் யார் இருக்கிறார்கள் என்பதை. நிழலுக்கு நாய் படுத்திருக்கும், சில சமயம் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்.

பிறகு இருக்கையில் உட்கார்ந்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்து, கிளட்சை மிதித்துக்கொண்டு கிளப்புங்கள். கீழே நின்றபடி ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் தொட்டுக் கிளப்புகிற வித்தையை யாராவது காட்டுவார்கள். மெக்கானிக் செய்யும்போது பார்க்க ஜாலியாக இருக்கும். வண்டி கியரில் இருந்தால், நீங்கள் நிற்பது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். அது உங்கள் மேல் ஏறித்தான் போகும்.

பேட்டரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் டிரைவர்கள் எஞ்சினை அணைக்காமல் இறங்குவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அல்ல. பேட்டரி செத்துக் கிடக்கும். அணைத்தால் நாலு பேர் வந்து தள்ள வேண்டும். அதனால் காலையில் கிளப்பியதை சாயந்திரம்தான் அணைப்பார்கள், நடுவில் ஓடும் இயந்திரத்திலேயே கை வைப்பார்கள். பாதுகாப்புக்கு என்று ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் நான் நல்ல பேட்டரிக்குத்தான் செய்வேன்.

கலப்பை மாட்டும்போது

வண்டியைப் பின்னால் எடுத்துக் கலப்பையோடு சேர்க்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு ‘வா, வா, இன்னும் வா’ என்று சொல்வது வழக்கம். கிளட்சிலிருந்து கால் ஒருமுறை வழுக்கினால் அவர் நசுங்குவார். ஆள் பக்கவாட்டில், டிரைவரின் கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும். வண்டி நின்று, நியூட்ரலுக்கு வந்து, கை பிரேக் போட்ட பிறகுதான் நடுவில் போய் ‘பின்’னை மாட்ட வேண்டும். ஒன்பது கொத்துக் கலப்பையை லிஃப்ட்டில் தூக்கி நிறுத்திவிட்டு அதன் கீழே படுத்து போல்ட் முடுக்குவதும் அப்படியான வேலைதான். யாராவது குழந்தை லிவரைத் தட்டினால் போதும், கலப்பை இறங்கிவிடும். கீழே கை போடுவதற்கு முன் தடிமனான மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுங்கள்.

வயலில்: இறங்கும் வரிசை

நெல் அறுத்த வயலில் ரொட்டவேட்டர் விட்டால் வைக்கோல் சுற்றிக்கொள்ளும். பழைய சேலைத் துண்டு, உரச்சாக்கு, எலி வலை என்று என்னென்னவோ சிக்கும். அப்போது ரொட்டவேட்டரைத் தூக்கி, ஓடவிட்டபடியே இறங்கிப் போய் அரிவாளால் அறுப்பதைப் பார்த்திருக்கிறேன். இதைச் செய்தவர்களில் விரலோ காலோ போனவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் இந்த வரிசையில்தான் இறங்க வேண்டும்:

1. ரொட்டவேட்டரைத் தரையில் இறக்குங்கள்.
2. பிடிஓ லிவரை விடுவியுங்கள்.
3. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கை பிரேக்கைப் போடுங்கள்.
4. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். பழைய வண்டியானால் இழுத்து அணைக்கிற குமிழை இழுத்தாக வேண்டும், சாவியைத் திருப்பினால் மட்டும் நிற்காது.
5. சுழற்சி முழுக்க நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு, வண்டியைப் பார்த்தபடி, கையால் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். குதிக்காதீர்கள்.

கை பிரேக் பிடிக்காத வண்டி என்றால், அணைத்த பிறகு கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மறுபடி கிளப்பும்போது அது கியரில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

சாவி ஏன் பையில் இருக்க வேண்டும்? நீங்கள் குனிந்து வைக்கோலை அறுத்துக்கொண்டிருக்கும்போது, உதவி செய்வதாக நினைத்து இன்னொருவர் ஏறிக் கிளப்பிவிடக் கூடாது. மச்சானோ, பக்கத்து வயல்காரரோ, பத்தாம் வகுப்புப் படிக்கிற மகனோ, நல்ல எண்ணத்தோடுதான் ஏறுவார்கள்.

வாடகைக்கு ஓட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். மணிக்கணக்கு வாடகை. ஒவ்வொரு முறையும் அணைத்து இறங்கினால் நேரம் போகிறதே என்பது அவர்கள் கவலை, நிலத்துக்காரருக்குக் காசு ஓடுகிறதே என்ற கவலை. சம்பா விதைப்பு நேரத்தில் ஒரே டிரைவர் இரவும் பகலும் தூங்காமல் ஓட்டுவதும் அதனால்தான். உங்கள் வயலுக்கு வருகிறவர் கண் சிவந்து வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, காலையில் வரச் சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளி உழுதால் முளைக்காமல் போகாது.

மாடு பூட்டிப் பரம்படித்த (பலகை இழுத்து வயலைச் சமன் செய்த) காலத்தில் பரம்புப் பலகை மேல் ஆள் ஏறி நிற்பது வழக்கம். சிறுவர்களுக்கு அது சவாரி. அதே பழக்கத்தில் இப்போதும் ரொட்டவேட்டர் மேலோ பலகை மேலோ பாரத்துக்கு ஆள் ஏற்றுகிறார்கள். மாடு என்றால் ‘ஹோ’ என்றால் நிற்கும். பாரம் வேண்டுமானால் மண் மூட்டையைக் கட்டுங்கள். மட்கார்டில் உட்கார்ந்து வருவதும் அப்படித்தான். டிராக்டரில் இருக்கை ஒன்றுதான், அதில் ஒருவர்தான்.

சேற்றில் மாட்டினால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். டிராக்டர் விபத்துகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கவிழ்வதுதான்.

பின்சக்கரம் சேற்றில் புதைந்து நகராமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதல் கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்துகிறீர்கள். எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றப் பார்க்கிறது. சக்கரம் சுழலவில்லை. அந்த விசை எங்காவது போயாக வேண்டும். அச்சு சக்கரத்தைத் திருப்ப முடியாதபோது, அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பே திரும்பும். முன்சக்கரம் மேலே எழும்பும், வண்டி அப்படியே பின்பக்கமாக மல்லாந்து டிரைவர் மேல் விழும். முன்சக்கரம் தரையை விட்டது முதல் முழுக்கக் கவிழ்வது வரை ஏறக்குறைய ஒன்றரை விநாடி. அதில் பாதி நேரம் கடந்துவிட்டால் கிளட்சை மிதித்தும் பயனில்லை. சுதாரித்துக் குதித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றரை விநாடியை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

புதைந்த வண்டியைக் கிளப்ப நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி, பின்சக்கரத்தோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டி முன்னால் எடுப்பது. பத்து முறை வேலை செய்யும். பதினோராவது முறை கட்டை எங்காவது முட்டி சக்கரத்தை இறுக்கப் பிடித்துவிடும், அப்போது மேலே சொன்னது நடக்கும். கேஜ் வீல் (சேற்று உழவுக்கு மாட்டுகிற இரும்புக் கம்பிச் சக்கரம்) மாட்டிய வண்டிக்குப் பிடிமானம் அதிகம் என்பதால் இந்த ஆபத்தும் கூடுதல்.

செய்ய வேண்டியது இதுதான். ஆக்ஸிலேட்டரை விடுங்கள். முதலில் பின்பக்கமாக, ரிவர்ஸில், மெதுவாக எடுத்துப் பாருங்கள். ரிவர்ஸில் முன்பக்கம் எழும்பாது. வரவில்லை என்றால் அணைத்து இறங்கி, சக்கரத்தைச் சுற்றி மண்வெட்டியால் சேற்றை வழித்து, கலப்பையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். இழுக்கிற வண்டியில் சங்கிலியை மாட்ட வேண்டிய இடம் தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கி. கலப்பையின் மேல் முனையைப் பிடிக்கிற டாப் லிங்க்கிலோ அச்சிலோ மாட்டினால் இழுக்கிற வண்டியும் மல்லாந்துவிடும். வேடிக்கை பார்க்க நிற்கிறவர்கள் சங்கிலியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது தள்ளி நிற்கட்டும். அறுந்தால் சவுக்கு மாதிரி சுழன்று வரும்.

உயரமான வரப்பில் ஏறும்போதும் இதே கதைதான். கிளட்சைப் பட்டென்று விடாமல் சிறு கியரில் மெதுவாக ஏற வேண்டும். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் மண்வெட்டியால் சரித்துவிட்டு ஏறுங்கள்.

பக்கவாட்டில் கவிழ்வது வாய்க்கால் கரையிலும் கிணற்றோரத்திலும் நடப்பது. கணக்கு எளிது. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது கரையிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். மழைக்குப் பிறகு இன்னும் தள்ளி. கொங்குப் பக்கத்தில் தடுப்புச் சுவர் இல்லாத ஆழக் கிணறுகள் வயலின் நடுவிலேயே இருக்கும். அந்த ஓரத்து மண்ணைக் கடைசி முழம் வரை உழுதே தீர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ரிவர்ஸ் எடுக்கவே கூடாது.

வண்டிக்கு மேல் கூரை இருக்கிறதே, கவிழ்ந்தால் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். நம் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் வெயிலுக்கும் மழைக்கும் போட்ட தகரம். கவிழ்ந்தால் தாங்குகிற இரும்புச் சட்டம் வேறு சாமான். சுவீடனில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள், கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை அங்கே மளமளவென்று குறைந்தது. புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் அந்த இரும்புச் சட்டம் உள்ள மாடலைக் கேளுங்கள். இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும், இல்லையென்றால் வெளியே விழுந்து அதே சட்டத்தின் கீழேயே மாட்டுவோம்.

சாலையில்

டிராக்டரில் இடது வலது என்று இரண்டு பிரேக் பெடல்கள். வயல் முனையில் திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்போம். சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கிற கொக்கியைப் போட்டாக வேண்டும். மறந்துவிட்டு வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுருண்டு விழும். கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஏறாதீர்கள். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். இருட்டில் விளக்கில்லாமல் நிற்கிற டிரெய்லரில் பைக்கில் வந்து மோதி இறந்தவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. டிரெய்லரில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். கோயில் திருவிழாவுக்கும்தான்.

வைக்கோல் ஏற்றினால் பாரத்தின் உயரத்தை மின்கம்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வயல் வழியே போகிற கம்பிகள் சில இடத்தில் தொய்ந்து கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். பாரம் கம்பியைத் தொட்டுவிட்டால் டிரைவர் இருக்கையிலேயே அசையாமல் இருக்க வேண்டும், மற்றவர்கள் கிட்டே வரக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து, அப்படியே குட்டிக் குட்டியாகத் தத்தித் தள்ளிப் போங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. தொய்ந்த கம்பிக்கு இப்போதே அதில் புகார் கொடுத்துவிடலாம்.

மற்ற இயந்திரங்கள், சுருக்கமாக

பவர் டில்லரில் (கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் நடந்து ஓட்டுகிற சிறு உழவு இயந்திரம்) ரிவர்ஸ் போட்டால் கைப்பிடி மேலே எழும்பி ஆளைத் தள்ளும். பின்னால் சுவரோ மரமோ இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வோம். ரிவர்ஸுக்கு முன் சுழல் கத்தியை நிறுத்திவிட வேண்டும்.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கதிர் தள்ளுகிற தகரத் தொட்டியைப் பாருங்கள். கை உருளையை எட்டாதபடி அது 90 சென்டிமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும், அதில் உள்பக்கம் 45 சென்டிமீட்டர் மூடியிருக்க வேண்டும். வட இந்தியாவில் கை இழந்தவர்கள் பெருகியதால் 1983-ல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் இருக்கிறது, குட்டைத் தொட்டிகளும் இருக்கின்றன. கதிர் சிக்கினால் கையால் தள்ளாமல் நிறுத்திவிட்டு எடுங்கள். இராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கதிர் தள்ளுகிறவரை மாற்றிவிடுங்கள்.

புல் வெட்டும் பிரஷ் கட்டர் முதுகில் தொங்குவதால் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். கல் தெறித்தால் கண் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், 15 மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள்.

குழந்தைகளுக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் என்று ஒரு எல்லை காட்டிவிடுங்கள். பேரனை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டுகிற தாத்தாவின் ஆசை புரிகிறது. அணைத்துவைத்த வண்டியில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

நடந்துவிட்டால்

முதலில் எஞ்சினை அணையுங்கள். ஆள் சிக்கியிருந்தால் இயந்திரத்தைத் திரும்பவும் ஓடவிட்டோ பின்பக்கம் சுழற்றியோ எடுக்கப் பார்க்காதீர்கள். துணியை அறுத்து, போல்ட்டைக் கழற்றி எடுங்கள். கவிழ்ந்த வண்டியைக் கயிறு கட்டி அவசரமாக இழுத்தால் அது இன்னொரு முறை புரண்டு அவர் மேலேயே இறங்கலாம். கட்டை முட்டுக் கொடுத்து ஜாக்கியால் தூக்க வேண்டும். 101-ஐ அழைத்தால் தீயணைப்புத் துறையினர் மீட்கவும் வருவார்கள்.

108-க்குச் சொல்லும்போது ‘மேலத்தெரு ஆறுமா வயல்’ என்றால் அவர்களுக்குப் புரியாது. அருகிலுள்ள சாலை, பாலம், பள்ளிக்கூடம் ஏதாவது சொல்லுங்கள், ஒருவரைச் சாலை முனைக்கு அனுப்பி நிற்கவையுங்கள்.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். மஞ்சள், காபித்தூள், டீசல் எதுவும் வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுத்து, நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சிட்டு, அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் சதை கெட்டுவிடும், அப்புறம் ஒட்டவைக்க முடியாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. எங்கே கொண்டுபோவது என்று 108 ஊழியர்களையே கேளுங்கள். சிராய்ப்புதான் என்றாலும் மண் பட்ட காயத்துக்கு டி.டி. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சிறு, குறு விவசாயிகளுக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விபத்து நிவாரணம் உண்டு. விபத்து நடந்த பிறகு அட்டை தேடி அலைய வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து.

முறையாகவே கற்றுக்கொள்ள விரும்பினால் ஆந்திராவில் அனந்தப்பூர் அருகே கார்லதின்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாது என்றால் மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வாடகைக்கு வண்டியும் அவர்கள் தருகிறார்கள்.

சாவிக்குக் கையகலத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள். பையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தால் தேட வசதியாக இருக்கும். நான் இரண்டு சாவி தொலைத்த பிறகு கண்டுபிடித்தது.